முகாமில் பண்பாடு கிடைக்கிறது, அம்மாவின் பெயர் எங்கே?

கட்டுமாவடியில் மீன் ஏலம் முடிந்து, ஐஸ் பெட்டிகளை வண்டியில் ஏற்றும் நேரம். டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி தன் கைப்பேசியை என் பக்கம் நீட்டினான். "அண்ணே, இதப் பாருங்க. கம்போடியா. நம்மாளு கட்டுன கோயிலு." அங்கோர்வாட் காணொளி, பின்னணியில் வீர இசை. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் என்ற கெமர் மன்னன் காலத்தில் கெமர் மக்களின் உழைப்பில் எழுந்த கோயில் அது என்று சொன்னேன். "பேருல வர்மன் இருக்கேண்ணே" என்றான். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அன்று அவனிடம் சொல்லாமல் விட்டது வேறொரு கம்போடியாவைப் பற்றியது. அதில் கோயில் இல்லை. குழந்தைகள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், வெளிநாட்டுக் குழந்தைகளைத் தத்தெடுத்த குடும்பங்களுக்காக 'பாரம்பரிய முகாம்கள்' நடத்தப்படுகின்றன. 1990களின் தொடக்கத்தில் கொரியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கியவை, பிறகு சீனா, வியட்நாம், இந்தியா–நேபாளம், கம்போடியா என்று நாடுவாரியாகப் பெருகின. கம்போடிய முகாம் என்றால், வெள்ளைக்காரப் பெற்றோரும் அவர்கள் தத்தெடுத்த கெமர் பிள்ளைகளும் மலையோர விடுதியில் சில நாட்கள் கூடுவார்கள். கெமர் நடனம், கெமர் சாப்பாடு, கைவினை, கதை என்று நாட்கள் போகும். முடிந்ததும் அவரவர் ஊருக்குத் திரும்புவார்கள்.

இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. பள்ளி முழுக்க வெள்ளை முகங்களாக இருக்கும் ஒரு ஊரில், தான் மட்டும் வேறு நிறமாக வளரும் பிள்ளைக்குத் தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளையைப் பார்ப்பது பெரிய ஆறுதல். "உன் உண்மையான அம்மா யார்?" என்று பேருந்தில் கேட்கப்பட்ட இரண்டு பிள்ளைகள் சந்தித்துக்கொண்டால் அவர்கள் பேசிக்கொள்ள நிறைய இருக்கும். முகாமின் உண்மையான பயன் அந்தச் சந்திப்புதான். நடன வகுப்பு அதற்கு ஒரு சாக்கு.

என் கேள்வி அந்த நடன வகுப்பைப் பற்றியது. ஒரு குழந்தையிடம் "இதுதான் உன் பண்பாடு" என்று கொடுக்கும்போது எதைக் கொடுக்கிறோம், எதை எடுத்து ஒளித்து வைக்கிறோம்?

கம்போடியாவில் 1975 முதல் 1979 வரையிலான கெமர் ரூஜ் ஆட்சியில் ஏறத்தாழ 17 லட்சம் பேர் கொலையிலும் பட்டினியிலும் நோயிலும் இறந்தார்கள். அதற்குப் பிறகும் உள்நாட்டுப் போர். எழுந்து நிற்க முடியாமல் கிடந்த அந்த நாட்டிலிருந்து 1990களின் இறுதியில் அமெரிக்காவுக்குக் குழந்தைகள் போகத் தொடங்கினார்கள். 1997க்கும் 2001க்கும் இடையில் லாரின் கலிண்டோ என்ற ஒரே தரகர் ஏற்பாடு செய்த தத்துகள் மட்டும் ஏறக்குறைய 800. அமெரிக்கப் புலனாய்வில் வெளிவந்தது இதுதான்: ஏழைத் தாய்களிடம் சொற்பப் பணம் கொடுத்தும், பிள்ளை படித்துவிட்டுத் திரும்பி வரும் என்று நம்பவைத்தும் குழந்தைகள் வாங்கப்பட்டார்கள், பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே காகிதத்தில் அநாதைகள் ஆக்கப்பட்டார்கள். 2001 டிசம்பரில் அமெரிக்கா கம்போடியத் தத்துகளை நிறுத்தியது. 2004இல் கலிண்டோவுக்கு 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. குற்றம் என்ன தெரியுமா? விசா மோசடியும் பண மோசடியும். ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்ததற்கு அந்தத் தீர்ப்பில் தனியாக ஒரு பெயர் இல்லை.

அந்த ஆண்டுகளில் போன பிள்ளைகள் கெமர் நடனம் கற்றுக்கொள்ளலாம். தாங்கள் அநாதையா, அநாதை ஆக்கப்பட்டவரா என்பதை எந்த நடன ஆசிரியரால் சொல்ல முடியும்?

இது எங்கோ நடந்த கதை என்று நாம் நகர்ந்துவிட முடியாது. 2005இல் சென்னையில் பிடிபட்ட ஒரு கும்பலை விசாரித்தபோது, மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற தத்து நிறுவனத்தின் கதை வெளியே வந்தது. புளியந்தோப்பு போன்ற பகுதிகளிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள் பொய்யான ஒப்படைப்புப் பத்திரங்களோடு நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பப்பட்டதாக வழக்கு. 1999இல் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு புளியந்தோப்புக் குடும்பம் நெதர்லாந்து நீதிமன்றம் வரை போனது. டி.என்.ஏ. பரிசோதனைக்கு உத்தரவிட அந்த நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதே காலகட்டத்தில் அன்றைய ஆந்திரத்தின் தெலங்கானா பகுதியில், லம்பாடித் தாண்டாக்களில் பெண் குழந்தைகள் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கப்பட்டு வெளிநாடுகளுக்குத் தத்துப் போனதை கீதா ராமசாமி போன்றவர்கள் அம்பலப்படுத்தினார்கள். நம் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையிலிருந்து 1980களில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். அதில் நடந்த முறைகேடுகளில் தன் அதிகாரிகள் தவறியதை 2020இல் சுவிட்சர்லாந்து அரசு ஒப்புக்கொண்டது. 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்துகளையே நிறுத்திவைத்தது.

சுவிட்சர்லாந்துக்கு 1973 முதல் 2002 வரை இந்தியாவிலிருந்து மட்டும் 2,200க்கும் மேற்பட்ட குழந்தைகள் போயிருக்கிறார்கள். அதைப் பற்றி 2024இல் வந்த ஆய்வு நூலின் தலைப்பு 'தாய் யாரென்று தெரியாது' என்ற பொருளில் அமைந்தது. ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்த கோப்புகளில் பெற்றவர்களின் ஒப்புதல் கடிதம் இல்லை.

புளியந்தோப்பு, லம்பாடித் தாண்டா. இந்தப் பெயர்களைப் படிக்கும்போது உங்களுக்குத் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றுகிறது. கோப்பில் சாதி எழுதப்பட்டிருக்காது. ஆனால் எந்தத் தெருவிலிருந்து பிள்ளையைத் தூக்கினால் காவல் நிலையம் அசையாது என்பது தரகருக்குத் தெரியும். மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு குழந்தை காணாமல் போயிருந்தால் அது ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, வேறொரு விசாரணையில் தற்செயலாகவா வெளியே வந்திருக்கும்?

இப்போது ஒரு கற்பனை. எங்கள் கட்டுமாவடியில் பிறந்த ஒரு பெண் குழந்தை அப்படிப் போய், கொலராடோவில் வளர்ந்து, பத்து வயதில் இந்திய முகாமுக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு என்ன கிடைக்கும்? இத்தகைய முகாம்களில் வழக்கமாகக் கிடைப்பதுதான். மருதாணி வைப்பார்கள். தீபாவளி விளக்கு ஏற்றக் கற்றுத் தருவார்கள். இந்திப் பாட்டுக்கு ஆடுவார்கள். பரதநாட்டியத்தில் இரண்டு அடவு. 'இந்தியா' என்றால் இதுதான் என்று அமெரிக்காவில் குடியேறிய ஆதிக்கசாதி நடுத்தர வர்க்கம் எழுதிவைத்த பட்டியல் அது. அந்தப் பெற்றோருக்கு வேறு இந்தியா தெரியாது. அவர்களுக்குக் கிடைத்த இந்தியரிடம் கேட்டார்கள், அவர் தன் வீட்டை நாடு என்று சொல்லிவிட்டார்.

அந்த அடவின் கதையே ஒரு தத்துக் கதைதான். சதிர் என்ற பெயரில் தேவதாசிப் பெண்களும் இசைவேளாளக் குடும்பங்களும் தலைமுறைகளாகக் காப்பாற்றி வந்த ஆட்டம் அது. 1930களில் அதை எடுத்து, குளிப்பாட்டி, பரதநாட்டியம் என்று புதுப் பெயர் வைத்து, ஆதிக்கசாதி வீட்டுப் பெண்களின் கலையாக மேடை ஏற்றினார்கள். பெற்றவர்களின் பெயர் மெல்ல மெல்லக் கோப்பிலிருந்து மறைந்தது. அம்மாவின் பெயர் அழிக்கப்பட்ட ஒரு சிறுமிக்கு, அம்மாக்களின் பெயர் அழிக்கப்பட்ட ஒரு கலையைக் கொடுத்து இதுதான் உன் வேர் என்கிறோம்.

கட்டுமாவடிக்காரி என்றால் அவளுக்கு வேறு சிலது தெரிய வேண்டும். சுற்றியுள்ள கடற்கரை ஊர்களிலிருந்து நண்டும் இறாலும் மீனும் வந்து குவிந்து, ஏலக்காரர் குரலில் விலை ஏறுவது தெரிய வேண்டும். விடியுமுன் கூடையோடு பேருந்துக்கு நிற்கும் பெண்களிடம், மீன் வாடை என்று சொல்லி நடத்துநர் முகம் சுளிப்பது தெரிய வேண்டும். பாக்கு நீரிணையின் சேறும், கருவாடு காயும் வெயிலும், சாவு வீட்டில் அடிக்கும் பறையும், அதை அடிப்பவர் அந்த வீட்டுக்குள் வராமல் வெளியிலேயே நிற்பதும் தெரிய வேண்டும். இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரிய வேண்டும். தன் அம்மா எந்தத் தெருவில் இருந்தாள், ஊரின் எந்தக் கிணறு அவளுக்கு மறுக்கப்பட்டது, எந்தக் கோயில் வாசலில் அவள் நின்றுவிட்டாள் என்பதெல்லாம் அவளுடைய 'பாரம்பரியம்' இல்லையா? அந்த முகாமில் இதற்கு வகுப்பு இருக்காது.

அவள் எப்படிப் போனாள் என்பதும் அவளுக்குத் தெரிய வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் கரையைப் புரட்டிப் போட்டது. தென்னை போனது, படகு போனது, கூரை போனது. சில வாரங்கள் கழித்து ஒரு செய்தி வந்தது. எங்களுக்கு அடுத்திருக்கும் பேராவூரணிப் பகுதியில், வீட்டைச் சரிசெய்ய வழியில்லாத ஒரு தகப்பன் தன் பத்து வயது மகனை 36,000 ரூபாய்க்கு நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒருவரிடம் வேலைக்கு அடகு வைத்திருந்தார். அதிகாரிகள் பிள்ளையை மீட்டார்கள். அந்தத் தகப்பனைத் திட்டியவர்கள் பலர். 36,000 ரூபாய் நிவாரணம் ஒரு வாரத்துக்கு முன்பே அந்தக் குடிசைக்கு வந்திருந்தால் அந்தப் பிள்ளை எங்கே இருந்திருப்பான் என்று கேட்டவர்கள் குறைவு. 'பெற்றவர்களே மனமுவந்து கொடுத்தார்கள்' என்று எந்தத் தத்துக் கோப்பில் படித்தாலும் எனக்கு அந்த 36,000 ரூபாய்தான் நினைவுக்கு வருகிறது. புயலடித்த பிறகு கிடைக்கும் கைரேகைக்கு ஒப்புதல் என்று பெயர் வைக்க முடியுமா?

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு இதே கரையில் ஒரு சான்று உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தத்துக் கொடுக்க அரசு அவசரப்படவில்லை. நாகப்பட்டினத்தில் அன்னை சத்யா அரசு குழந்தைகள் இல்லத்தில் அவர்கள் தங்கள் கடலோரத்திலேயே, தங்கள் மொழியிலேயே, உறவுகள் வந்து பார்க்கும் தூரத்தில் வளர்ந்தார்கள்.

இங்கே நம் தோழர்களில் சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். நியாயமான கேள்வி. "பிறப்பு முக்கியமில்லை என்பதுதானே நம் கொள்கை? பிறகு ஏன் வேரைத் தேட வேண்டும்? அம்மா யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று தேடினால் கடைசியில் சாதியில்தானே போய் நிற்கும்?"

இதற்குப் பதில் சொல்லாமல் நான் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. ஏனென்றால் சாதியற்ற பிள்ளை என்பது நம் இயக்கத்தின் பழைய கனவு. திருச்சியில் பெரியாரும் மணியம்மையாரும் தொடங்கிய நாகம்மையார் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஈ.வெ.ரா.ம. என்பதே தலைப்பெழுத்து. அப்பன் பெயர் தெரியாத பிள்ளை என்று ஊர் ஏசும் இடத்தில், தங்கள் இருவரின் பெயரையும் கொடுத்து நிமிர்ந்து நிற்க வைத்தார்கள். பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, ஆதரவில்லாமல் அரசு அங்கீகரித்த இல்லங்களிலோ பள்ளிகளிலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகளைத் தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சாதி தெரியாத பிள்ளைக்கும் சமூகநீதியில் இடம் உண்டு என்று சொன்ன மாநிலம் இது. பழைய இந்துச் சட்டத்தில் தத்து என்றால் ஒரே சாதிக்குள், அதுவும் ஆண் பிள்ளை, கொள்ளி போடுவதற்காக. 1956ஆம் ஆண்டுச் சட்டம்தான் சாதிக் கட்டுப்பாட்டை நீக்கியது. எனவே ரத்தம் பெரிதில்லை, வளர்ப்பதே உறவு என்பதை நாம் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் இரண்டு விதமான தேடல் இருக்கிறது. ஒன்று, "நாங்க யாரு தெரியுமா, ஆண்ட பரம்பரை" என்று மீசை முறுக்குவதற்கான தேடல். இந்தத் தேடலுக்கு வரலாறு தேவையில்லை, ஒரு காணொளி போதும். இன்னொன்று, "எனக்கு என்ன செய்தார்கள்? யார் செய்தார்கள்?" என்று கேட்கும் தேடல். அயோத்திதாசப் பண்டிதர் வரலாற்றைத் திருப்பி எழுதியது இதற்காக. தீண்டப்படாதவர்கள் யார், அவர்கள் எப்படித் தீண்டப்படாதவர்களாக ஆக்கப்பட்டார்கள் என்று 1948இல் அண்ணல் அம்பேத்கர் ஒரு நூலே எழுதியது இதற்காக. அவர் தேடியது பெருமையை அல்ல. ஒரு மக்கள் கூட்டம் எப்படி ஊருக்கு வெளியே தள்ளப்பட்டது என்ற கணக்கை.

தத்துப் போன பிள்ளை கேட்பதும் அந்தக் கணக்கைத்தான். அம்மாவைக் கண்டுபிடித்து அவள் சாதியைத் தன் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள யாரும் கடல் கடந்து வருவதில்லை. "நீ என்னைக் கொடுத்தாயா, எடுத்துக்கொண்டு போனார்களா?" என்ற ஒரு கேள்விக்காக வருகிறார்கள். பிறப்பு ஒருவரின் தகுதியைத் தீர்மானிக்கக் கூடாது என்பது நம் கொள்கை. ஒருவரின் பிறப்பைப் பற்றிய உண்மையை அவரிடமிருந்து மறைக்கலாம் என்பது நம் கொள்கையாக ஒருபோதும் இருந்ததில்லை.

அந்த உண்மையை நம் சட்டம் எவ்வளவு தருகிறது? 1984இல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்சநீதிமன்றம், வெளிநாட்டுத் தத்துக்கு வரைமுறை வகுத்தது; முதலில் உள்நாட்டில் வீடு தேட வேண்டும் என்றது. ஒன்றிய அரசின் தத்துவள ஆணையம் 1990இல் வந்தது. 2003இல் இந்தியா ஹேக் உடன்படிக்கையை ஏற்றது. இன்று ஒரு தாய் பிள்ளையை ஒப்படைத்தால், மனம் மாற அவளுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. இவையெல்லாம் முன்னேற்றங்கள்தான், மறுக்கவில்லை.

'வேர் தேடல்' என்று வரும்போதுதான் கதவு ஒருக்களித்துத் திறக்கிறது. 18 வயது நிரம்பிய தத்துப்பிள்ளை விண்ணப்பிக்கலாம். மூன்றாம் நபர் அவர் சார்பில் தேட முடியாது. தாய் தன் விவரத்தைச் சொல்லக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவளுடைய சம்மதம் வேண்டும். இதில் நியாயமும் இருக்கிறது. திருமணமாகாமல் பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டு, வேறொரு வாழ்க்கையில் இருக்கும் ஒரு பெண்ணின் வாசலில் தொலைக்காட்சிக் கேமராவோடு போய் நிற்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்தச் 'சொல்லக் கூடாது' என்ற வரியை எழுதியது தாயா, தரகரா? எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தியின் கைரேகைக்கு மேலே யார் எதை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாமே?

இன்னொரு பக்கத்தில் கதவே கிடையாது. பிள்ளை தேடலாம். தாய் தேட முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்த புளியந்தோப்புத் தாய்க்கு விண்ணப்பப் படிவம் இல்லை. தத்தெடுத்த பெற்றோருக்கு முகாம் இருக்கிறது, ஆலோசகர் இருக்கிறார், நூல்கள் இருக்கின்றன. தத்துப் போன பிள்ளைக்குக் குறைந்தபட்சம் ஒரு விதி இருக்கிறது. இந்த முக்கோணத்தின் மூன்றாவது முனையில் நிற்பவளுக்கு எதுவும் இல்லை. அவள் பெரும்பாலும் எந்தத் தெருவைச் சேர்ந்தவள் என்பதோடு இதைச் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். பழைய தத்து நிறுவனங்களின் கோப்புகள், மூடப்பட்டவை உட்பட, அரசின் பாதுகாப்புக்கு வர வேண்டும்; கரையானுக்கும் நெருப்புக்கும் அவை பலியாகக் கூடாது. பிள்ளையைத் தேடும் பெற்றோரும் பதிவு செய்துகொள்ள ஒரு வழி வேண்டும். இரு பக்கமும் விரும்பினால் மட்டும் சந்திப்பு என்ற பாதுகாப்போடு. விரும்புகிறவர்களுக்கு அரசு செலவில் டி.என்.ஏ. பரிசோதனை வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், வறுமையை மட்டுமே காரணமாகக் காட்டி ஒரு பிள்ளை ஒப்படைக்கப்படுமானால், பிள்ளையை வாங்குவதற்கு முன் அந்த வீட்டுக்கு உதவி போய்ச் சேர்ந்ததா என்று குழந்தைகள் நலக் குழு எழுத்தில் பதிய வேண்டும்.

முகாம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நடனம் இருக்கட்டும், சாப்பாடு இருக்கட்டும். பிள்ளைகள் ஒருவரையொருவர் சந்திக்கட்டும். அதோடு, அவர்களுக்கு வயது வரும்போது அந்தக் காகிதங்களைக் கையில் கொடுங்கள். அதை எப்படிப் படிப்பது, எந்த வரி பொய்யாக இருக்கலாம், யாரிடம் கேட்பது என்று சொல்லிக் கொடுங்கள். இந்தியா பற்றிய வகுப்பில் சாதி என்ற சொல்லைச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகள் தாங்குவார்கள். அதைவிடப் பெரியதை அவர்கள் ஏற்கெனவே சுமந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

நம்மைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் கல்லூரிகளில் நடக்கும் 'பாரம்பரிய நாள்' கொலராடோ முகாமிலிருந்து எவ்வளவு தூரம்? வேட்டி, பட்டுப்புடவை, கோலம், பொங்கல் பானை. கருவாட்டுக்கு அங்கே இடம் உண்டா? மாட்டுக்கறிக்கு? அந்த நாளில் தன் பாட்டி உடுத்திய உடையை உடுத்தி வரச் சொன்னால், மாராப்பு போடவே உரிமை மறுக்கப்பட்ட பாட்டிகளின் பேத்திகள் எதை உடுத்தி வருவார்கள்? பெற்ற அம்மாவோடு, பிறந்த ஊரிலேயே வளர்ந்தும், நம்மில் பலருக்கு நம் வரலாறு தத்துக் கொடுக்கப்பட்டுவிட்டது. கைப்பேசியில் அங்கோர்வாட்டைக் காட்டிய அந்தத் தம்பிக்குத் தன் தாத்தாவின் அப்பா கட்டுமாவடிக்கு எங்கிருந்து வந்தார், எந்தப் பண்ணையில் வேலை செய்தார், ஏன் ஓடி வந்தார் என்று தெரியாது. நான் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குண்ணே" என்று சிரித்தான்.

அடுத்த முறை அவன் வீட்டுக்குப் போய் அவன் அப்பத்தாவிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன்.